குறையாத செபமாலை

இன்று காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த சிறுமி ஒரு தேசிக்காயை மூக்கோடு வைத்து மணந்துகொண்டு வந்தாள். குமட்டிச் சத்தி வராமலிருக்கத் தாய் கொடுத்துவிட்டிருப்பார். அந்த எலுமிச்சை மணம் என்னை உன்னிடம் கொண்டுவந்து விட்டது. எங்கள் கோயில் பங்குப் பிள்ளைகளின் பயணத்துக்கு ஒரு பை நிறையத் தேசிக்காயோடு வந்து ஏறியவள் நீ. நான் கொண்டுவந்தது முகம் பார்க்கும் கண்ணாடியும் பவுடர் டின்னும். நீ போய் மூன்று மாதமாகிறது. இதை நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். நான் எதைத்தான் நேரத்துக்குச் செய்தேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறை. சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்ததால் பங்குச்சுவாமி துணிந்து ஒரு பஸ் பிடித்தார். குருநகர்ப் பெண்பிள்ளைகள் நாற்பத்தெட்டுப் பேர், எல்லாரும் பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்டவர்கள். பொறுப்பாளர்கள் நீயும் நானும். எங்களுக்கே இருபத்திரண்டு வயதுதான். மூன்று நாள் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றினோம். யன்னல் கரைக்குச் சண்டை பிடித்தார்கள், தொண்டை கட்டும்வரை பாடினார்கள், அரைவாசிப் பேர் சத்தி எடுத்தார்கள். நீ துடைத்தாய், நான் தாளம் போட்டேன்.

பிள்ளைகளை எண்ணுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் நான். செபமாலையின் ஐந்து பத்திலும் சேர்த்து ஐம்பது மணி, எங்கள் இரண்டு பேரோடும் சேர்த்து பஸ்ஸிலும் ஐம்பது பேர். பஸ் வெளிக்கிட்டதும் ஆளுக்கொரு 'அருள் நிறைந்த மரியே'. முதல் மணி நான், கடைசி மணி நீ, இடையில் இருக்கை வரிசைப்படி பிள்ளைகள். செபமாலை குறையாமல் முடிந்தால் ஆளும் குறையவில்லை. செபித்ததுமாச்சு, எண்ணினதுமாச்சு என்று சுவாமி மெச்சினார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். எங்களுடையதுகள் கடலோடிகளின் பிள்ளைகள் அல்லவா, அந்த ஊர் வள்ளங்களுக்குக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவர்களில் ஒருத்தி மெற்றில்டா. பதினாறு வயது, நெடுத்த பிள்ளை, வீட்டில் மூத்தவள்.

வெளிக்கிடும் நேரம் நீ எழும்பி நின்றாய். "பின்னுக்குப் போய் ஒருக்கா தலையை எண்ணிப்போட்டு வாறன்" என்றாய்.

"ஏன், மாதாவிலை நம்பிக்கை இல்லையோ?" என்று நான் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு இருந்துவிட்டாய்.

செபமாலை ஐம்பது மணியும் சரியாக முடிந்தது. பின் இருக்கையில் மெற்றில்டாவின் சிநேகிதி றீற்றா தன் மணியைச் சொல்லிவிட்டு, குனிந்துகொண்டு மெல்லிய குரலில் அடுத்ததையும் சொல்லியிருக்கிறாள். எஞ்சின் இரைச்சலில் எனக்கு எந்தக் குரலும் ஒன்றுதான். மெற்றில்டா நாங்கள் எண்ணும் முறையை இரண்டு நாள் பார்த்திருந்து அதற்குள்ளாலேயே போய்விட்டாள்.

கோயில் வாசலில் தாய்மார் காத்து நின்றார்கள். எல்லாரும் இறங்கிய பிறகும் மெற்றில்டாவின் தாய் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் றீற்றா அழுதாள். மெற்றில்டா இயக்கத்துக்குப் போய்விட்டாள், பயிற்சிக்குப் படகு ஏறப்போவதாகச் சொன்னாள் என்றாள். யார் பிள்ளைகளை எண்ணினது என்று தாய் கேட்டார். எனக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்த நேரம். வாய் திறக்கவில்லை.

"நான்தான் மாமி" என்றாய் நீ.

அடுத்த நாள் விடிய, சுவாமி எழுதித் தந்த கடிதத்தோடு தாயையும் கூட்டிக்கொண்டு திரும்ப வல்வெட்டித்துறைக்குப் போனோம். இயக்கப் பெடியள் இருக்கிற இடமென்று ஊரார் ஒரு வீட்டைக் காட்டினார்கள். படலையில் நின்ற இளைஞன் கடிதத்தை வாசித்து, மடித்து, உன் கையிலேயே தந்தான். அப்படி ஒரு பிள்ளையும் வரவில்லை என்றான். தாய்க்குக் கதிரை போட்டான், தண்ணீர் கொடுத்தான். அவ்வளவு மரியாதையாக எங்களைக் கைவிட்டவர்களை நான் பிறகு கண்டதில்லை. பின்னேரம்வரை கடற்கரையில் இருந்தோம். தாய் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மெற்றில்டா வரவேயில்லை. ஒரு கடிதமும் இல்லை, ஒரு சேதியும் இல்லை. பங்கில் உன்னோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ வட்டுக்கோட்டைக்குப் படிப்பிக்கப் போய் அங்கேயே இருந்துவிட்டாய். என் கலியாணத்துக்கு வந்து பின்வரிசையில் இருந்தாய். பல வருசம் கழித்து, உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். "விடு. ஒருத்தி பேச்சு வாங்கினது காணும், ரெண்டு பேர் என்னத்துக்கு?" என்றாய். விடு என்றதும் விட்டுவிட்டேன். அதுதான் எனக்கும் வசதி.

உன்னை அடக்கம் செய்த கிழமை மெற்றில்டாவின் தாயிடம் போனேன். எண்பது கடந்துவிட்டது. கண் மங்கல். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்றபடியே சொன்னேன்.

"அண்டைக்குச் செபமாலை சொல்லுவிச்சது நான் மாமி. தலையை எண்ண வேண்டாமெண்டு தடுத்ததும் நான்தான்."

ஏசுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். ஏசினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவள் மத்தியானம் சாப்பிட்டிட்டோ பிள்ளை போனவள்?"

எனக்குத் தெரியாது. அன்று நான் மரநிழலில் கண்ணாடி பார்த்துத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்சல் கொடுத்தது நீ. யார் சாப்பிட்டாள், யார் மிச்சம் வைத்தாள் என்று உனக்குத்தான் தெரிந்திருக்கும். இத்தனை வருசமும் ஒரு பஸ் தூரத்தில் நீ இருந்தாய். உன்னோடு கதைக்க மாட்டேன் என்றிருந்த தாய் இதை உன்னிடம் கேட்கவில்லை. ஏன் கதைக்காமல் விட்டார் என்பது எனக்குத் தெரியும்.

தெரியாது மாமி என்றேன். இப்போது ஞாயிறு பூசை முடிய அவர் கோயில் வாசலில் என் கையைப் பிடிக்கிறார். முன்பு கேட்டதை மறந்துபோய் அதையே கேட்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் நான் தெரியாது என்கிறேன்.