மச்சான், என் செயினைப் பற்றி நீ சொன்ன பொய்

அன்பு மச்சான் சேவியருக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன், கைப்பழக்கம். அடித்துவிட்டு வேறு வார்த்தை போடலாமா என்று பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கோபத்தில்தான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என் தங்கச்சி ரீத்தாவின் கனவில் போய் நின்று, உன் அண்ணன் என்னைத் திட்டுகிறான் என்று புகார் சொல்லாதே.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே உன் நெஞ்சு நின்றுவிட்டது. என் தங்கையின் புருஷன், பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு சைக்கிள் ஓட்டியவன், ஒரு நிமிஷத்தில் இல்லை. அடக்கப் பூசையில் நான்தான் எழுந்து பேசினேன். இவன் வாயில் பொய் வந்து நான் கேட்டதில்லை என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கோவில் முழுக்க அழுதது. அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா மச்சான்?

நம்முடைய ஏற்பாட்டை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் ஞாபகப்படுத்துகிறேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ரோட் பைக். டயர், டியூப், பஞ்சர் எல்லாம் என் பொறுப்பு, இரண்டு சைக்கிளுக்கும். செயின், பல்சக்கரம், கியர் எல்லாம் உன் பொறுப்பு, இரண்டு சைக்கிளுக்கும். மாதத்தின் முதல் சனிக்கிழமை மத்தியானம் நான் கெலுகோரிலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு வருவேன். உன் பிளாட்டின் ஆறாவது மாடி நடைவழியில் பழைய செய்தித்தாளை விரித்து, இரண்டு செயினையும் கழற்றி மண்ணெண்ணெயில் அலசுவாய். நான் எண்ணெய்ப் புட்டியைத் தொட்டால் போதும், கத்துவாய். “கைய எடு மச்சான், நீ ஊத்துற எண்ணெயில கெம்போங் மீனே பொரிக்கலாம்!” நானும் எடுத்துவிடுவேன். பதினோரு வருஷத்தில் என் செயினை நான் ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. உன் டயரை நீயும் பார்த்ததில்லை.

அதிலும் செயின் விஷயத்தில் நீ கொடுத்த உபதேசம் கொஞ்சமா? பாலிக் பூலாவ் லக்சா நூடுல்ஸ் கடையில் எந்த சைக்கிள்காரன் வந்து உட்கார்ந்தாலும் பையிலிருந்து செயின் அளக்கும் அந்தக் குட்டித் தகட்டை எடுத்துவிடுவாய். செயினின் கண்ணிக்குள் தகடு இறங்காவிட்டால் செயின் நல்ல செயின், இறங்கிவிட்டால் தேய்ந்த செயின். அவ்வளவுதான் கணக்கு. பாவம், லக்சா சாப்பிட வந்தவன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான்.

“செயின் தேயறது கண்ணுக்குத் தெரியாதுய்யா. மூவாயிரம் கிலோமீட்டர் ஆச்சுன்னா அளந்து பாரு. நம்ம ஊரு மழைக்கும் மண்ணுக்கும் அதுக்கு மேல நம்பாதே. நேரத்துக்கு மாத்தினா ஒரு கேசட்டு, அதான் பின் சக்கரத்துப் பல்லடுக்கு, ரெண்டு மூணு செயின் தாங்கும். சோம்பேறித்தனமா விட்டீன்னு வை, செயின் பின்னால இருக்கற கேசட்டைத் தின்னும், அப்புறம் முன்னால இருக்கற பல்லையும் தின்னும். மொத்தமா மாத்தணும் லா.”

இப்படிப் பேசிய ஆள்தான் என் சைக்கிளில் என்ன செய்து வைத்தாய்?

போன வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு ஆரம்பித்தது. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவ் ஏறும் மேட்டில், டுரியான் பழக்கடைகளுக்குக் கொஞ்சம் முன்னால், நான் எப்போதும் எழுந்து நின்று மிதிக்கும் இடம் உனக்குத் தெரியும். அன்று எழுந்து மிதித்தேன், கால் சடக்கென்று வெறுமையில் இறங்கியது. கீழே விழப் பார்த்தேன். உன்னிடம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை குனிந்து பார்த்துவிட்டு, “செயின் நல்லாத்தான் இருக்கு மச்சான், இன்னும் ஓடும். உன் மிதிதான் சரியில்ல. முட்டியில வலி வச்சிக்கிட்டு ஏன் எழுந்து நிக்கறே? உக்காந்து மெதுவா மிதி” என்றாய். தகட்டை எடுத்துக் காட்டினாயா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. உன்னைப் போய் எவன் கேட்பான்?

நீ சொன்னதும் எனக்கு முட்டி வலிக்க ஆரம்பித்துவிட்டது, அதுதான் கொடுமை. ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது, கால் போய்விட்டது என்று நானே முடிவு கட்டினேன். டாக்டரிடம் போனேன், படம் எடுத்தார், ஒன்றும் இல்லை என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று திட்டிவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரி தினமும் தைலம் தேய்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டைவிட்டு எழாமல், உன் பக்கத்திலேயே, உன் வேகத்திலேயே ஏறினேன். நீ எனக்காக மெதுவாக வருகிறாய் என்று நினைத்து உள்ளுக்குள் கூசினேன்.

வருஷா வருஷம் சுதந்திர தினத்தன்று காலையில் தீவை ஒரு சுற்று சுற்றுவோமே, போன வருஷம் போகவில்லை. என்னால் முடியாது மச்சான், உன் ஓட்டத்தையும் நான் கெடுக்கிறேன், மன்னிச்சுக்கோ என்று உன்னிடம் சொன்னேன். நீ என் தோளில் தட்டினாய். “பரவால்ல லா. உன் முட்டிக்காக விட்டுடுவோம்” என்றாய். சேவியர், நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ அதை வாங்கிக்கொண்டாய்!

நீ போன பிறகு சைக்கிளைத் தொட மனசு வரவில்லை. போன மாதம் எங்கள் பகுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பெண் விலைக்குக் கேட்டாள். முட்டியும் இல்லை, நீயும் இல்லை, வைத்துக்கொண்டு என்ன செய்ய? கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, ஒரு சர்வீஸ் பார்த்துக் கொடுப்போம் என்று ஆயர் ஈத்தாம் பாசாருக்குப் பின்னால் நீ எப்போதும் போகும் சீன அங்கிளின் கடைக்குக் கொண்டுபோனேன்.

அவர் ஸ்டாண்டில் மாட்டி, தகட்டை வைத்தார். பொத்தென்று உள்ளே போய்விட்டது. முன்னால் செயினைப் பிடித்து இழுத்தார், பல்லைவிட்டு ஒரு விரல் இடைவெளிக்கு வந்தது. கேசட்டைச் சுற்றிக் காட்டினார். நான் அதிகம் ஓட்டும் மூன்று சக்கரங்களில் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி மாதிரி இருந்தன. “செமுவா ஹாபிஸ்” என்றார். எல்லாம் முடிந்ததாம். புதுச் செயின் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்டேன். இந்தத் தேய்ந்த பல்லில் புதுச் செயின் இன்னும் மோசமாகக் குதிக்கும், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்றார். எழுந்து மிதித்தால் கால் வழுக்குமே, விழாமல் எப்படி ஓட்டினாய் என்று வேறு கேட்டார்.

அப்புறம் அவர் சாதாரணமாக ஒன்று சொன்னார். உன் மச்சான் போன வருஷமே உன் சைக்கிளுக்கு என்று செயின், கேசட், முன் பல்சக்கரம் எல்லாம் வாங்கிக்கொண்டு போனாரே, அதையெல்லாம் ஏன் போடவில்லை?

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு உன் வீட்டுக்கு நடந்தேன். லிஃப்டுக்குக்கூட நிற்கவில்லை, ஆறு மாடி ஏறினேன். முட்டி வலிக்கவில்லை, அதை அப்புறம்தான் கவனித்தேன்.

உன் கருவி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. பிரிக்காத பெட்டிகள், மேலே மார்க்கரில் உன் கையெழுத்தில் ‘ஸ்டீபன்’. ரீத்தா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இவளுக்கு எல்லாம் தெரியும் என்று.

“நெஞ்சுல கோளாறுன்னு போன வருஷமே டாக்டர் சொல்லிட்டாரு அண்ணே. மேடு ஏறவே கூடாதுன்னாரு. இவரு கேக்கல. மெதுவா ஏறுனா ஒண்ணும் ஆகாதுன்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு.”

“அதுக்கு என் செயினைக் கெடுப்பானா?”

“புதுசு போட்டா நீங்க எழுந்து மிதிச்சிப் போயிடுவீங்களாம். அவரால கூட வர முடியாதாம். நானும் சண்டை போட்டேண்ணே. பெட்டிய வச்சிட்டு, அடுத்த மாசம் போடறேன், அடுத்த மாசம் போடறேன்னாரு.”

நான் கத்தினேன் மச்சான். என் தங்கையிடம் இதுவரை அப்படிக் கத்தியதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என்னை முட்டாளாக்கினீர்கள் என்றேன். நான் விழுந்து மண்டை உடைந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன். ஒரு வார்த்தை, ‘மெதுவா போடா’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா என்றேன்.

ரீத்தா அழவில்லை. நேராகப் பார்த்துக் கேட்டாள். “கனகண்ணனை நீங்க என்ன சொன்னீங்க அண்ணே?”

உனக்கு ஞாபகம் இருக்கும், அதனால்தானே இத்தனையும். நம்மோடு மூன்றாவதாக வந்துகொண்டிருந்த கனகராஜ் அண்ணன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மூன்று மாதத்தில் ஆசையாக சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். மேட்டில் இரண்டு தடவை இறங்கி நின்றார். நான் காத்திருந்து காத்திருந்து கடுப்பாகி, லக்சாக் கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். “அண்ணே, நீங்க வீட்ல உக்காந்து டிவி பாருங்க. நடு மேட்டுல விழுந்தா யாரு தூக்கறது?” எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவரும் சிரித்தார், அதற்குப் பிறகு வரவில்லை.

“டாக்டரப் பாத்துட்டு வந்த அன்னிக்கு இவரு அதத்தான் சொன்னாரு. உங்கண்ணன் என்னையும் டிவி பாக்கச் சொல்லிடுவான் ரீத்தா, ஞாயித்துக்கிழமை இல்லாம நான் என்ன பண்ணுவேன்னாரு.”

நான் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் அவை என் வீட்டு மேசையிலேயே கிடந்தன. நியாயத்தை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை. கனகண்ணனும் நீயும் எனக்கு ஒன்றா? நீ என் தங்கச்சி புருஷனடா. அவரிடம் வாய் நீண்டது உண்மை, உன்னிடமும் நீளும் என்று எப்படி நினைத்தாய்? பதினோரு வருஷம் பக்கத்திலேயே மிதித்தும் என்னை இவ்வளவுதான் புரிந்துகொண்டாயா? இல்லை, சரியாகத்தான் புரிந்துகொண்டாயா? இதற்கு நீ பதில் சொல்லாமல் போனதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய துரோகம்.

ஒன்று மட்டும் சொல்வேன். உன் டயரில் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. வெட்டு இருந்தால் வெட்டு என்றேன், மாற்ற வேண்டும் என்றால் அன்றைக்கே மாற்றினேன்.

அந்தப் பெண்ணிடம் சைக்கிள் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கிள் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தார். செயினை இழுத்துப் பிடிக்கும் இரண்டு குட்டிச் சக்கரங்களும் தேய்ந்துபோயிருந்தன, நீ அதை மட்டும் வாங்க மறந்திருக்கிறாய். போன ஞாயிறு தனியாகப் போனேன். அந்த இடம் வந்தது, பயந்துகொண்டே எழுந்து நின்றேன், மிதித்தேன். பிடித்தது மச்சான். ஒரு சின்னக் குதி இல்லை. நாற்பது வயதுக்காரன் மாதிரி ஏறினேன். உன்னை வாயில் வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினேன், டுரியான் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

உச்சியில் இறங்கி, திரும்பிக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்காக நிற்கிறேன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போதுதான் அழுதேன், நாலு மாதத்தில் முதல் தடவை.

நேற்று கனகண்ணனுக்குப் போன் செய்தேன். இரண்டு வருஷம் கழித்து.

“அண்ணே, ஸ்டீபன் பேசறேன். ஞாயித்துக்கிழமை பாலிக் பூலாவ் வர்றீங்களா?”

அவர் மெதுவாகக் கேட்டார்.

“நடு மேட்டுல விழுந்தா யாரு தூக்கறது தம்பி?”

“நான்தாண்ணே” என்றேன். அவர் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்று காலை கூப்பிட்டு, மெதுவாகப் போனால் போகலாமாம், வருகிறேன் என்றார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை, அவசரப்படுத்தாதே. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மேடு முழுக்க அவருக்குப் பின்னாலேயே வருவேன். என் செயின் புதுசு, என் முட்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சீட்டைவிட்டு எழ மாட்டேன்.

நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உனக்கும் இதைத்தான் செய்திருப்பேன்,
ரீத்தாவின் அண்ணன், உன் மச்சான்
ஸ்டீபன்