நட்சத்திர போண்டாவுக்கு நடுவுல

பென்னலூர்
12.8.2004

அன்பு மகள் கார்முகிலுக்கு அம்மா எழுதுவது. பூனாவுல நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். இங்கே நானும் கடையும் நல்லா இருக்கோம்.

உன் லெட்டர் வந்துச்சு. ஆராய்ச்சியை விட்டுட்டு வந்துடறேன், ஒரகடத்துல ஒரு கம்பெனியில சேந்து உனக்குத் துணையா இருக்கேன்னு எழுதியிருக்கே. ரெண்டு தரம் படிச்சேன். அடுப்புல எண்ணெய் புகைஞ்சு போச்சு.

செத்துப்போன நட்சத்திரத்துக்குள்ளே என்ன இருக்குன்னு கணக்குப் போடறதா நீ சொன்னதுலேருந்து உங்கப்பா பண்ண கூத்து உனக்கு முழுசாத் தெரியாது. எடை சூரியனைவிட ஜாஸ்தி, அகலம் ஸ்ரீபெரும்புதூர்லேருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும்தான், மேலே கெட்டி ஓடு, நட்டநடுவுல என்னன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியாமே. மறுநாளே கடையில நட்சத்திர போண்டான்னு பலகை மாட்டிட்டார். நடுவுல ஒரு நாள் வேர்க்கடலை, ஒரு நாள் திராட்சை. பத்துல ஒண்ணுல முழுப் பச்சை மிளகாய். ஷிப்ட் முடிஞ்சு வர்ற பசங்க கையில தூக்கிப் பாத்து டீக்குப் பந்தயம் கட்டுவாங்க. கடிச்சுப் பாக்காம சொல்லுதவன்தான் விஞ்ஞானி, மாமான்னு உங்கப்பாகிட்ட திருநெல்வேலிப் பையன் இசக்கிபாண்டி சொல்லுவான். அவனுக்குத்தான் எப்பவும் மிளகாய் மாட்டும்.

போன வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு மூணாம் மாசப் படையல். அவருக்குப் பிடிக்குமேன்னு போண்டாவும் வச்சேன். சுப்பிரமணி சித்தப்பா வந்திருந்தார். பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு அண்ணி நட்சத்திரம், இட்டாந்து கட்டிக் குடுன்னு பேசிக்கினே ஒண்ணை எடுத்துக் கடிச்சார். பேச்சு நின்னுபோச்சு. கண்ணுல தண்ணியா கொட்டுது. அண்ணனை நெனச்சு அழறார்னு மரகதம் சித்தி அழ, அவளைப் பாத்து வூடே அழுதுச்சு. எனக்குத்தான் விஷயம் தெரியும். கைப்பழக்கத்துல அதுக்குள்ளே மிளகாயை வச்சுட்டேன். முந்தானையை வாயில அடைச்சிக்கினு குலுங்கிச் சிரிச்சேன். அதையும் அழுகைன்னு தண்ணி குடுத்தாங்க. மூணு மாசத்துல அன்னிக்குத்தான் சிரிச்சேன். உடனே உங்கப்பாகிட்ட சொல்லணும்னு திரும்பினேன். போட்டோவுக்கு மாலை போட்டிருந்துச்சு.

நீ வராதே கண்ணு. போண்டாவுக்கு நடுவுல இப்ப நான் ஒண்ணும் வைக்கறதில்லை. பசங்க கேக்கறாங்க. எம்பொண்ணு கணக்குப் போட்டுக்கினு இருக்கா, அவ சொன்னதும் வைக்கறேன்னு சொல்லியிருக்கேன். என் பேச்சைக் காப்பாத்து.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். போன்ல என் குரலை வச்சு அம்மாவுக்குள்ளே என்ன இருக்குன்னு கணக்குப் போடாதே.

எடுத்ததை நீ முடிக்க அப்பா துணையிருப்பார்.

அம்மா
அ. ரத்னா