ஒரே கிண்ணத்தில் இரண்டு மருந்து

கலுங்கு
3 மார்ச் 1996

அன்புள்ள நசாசி அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததிலிருந்து நீ ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதே இல்லை. பெரிய மனுஷி ஆகிவிட்டாய்.

உங்கள் மருந்து ஆராய்ச்சியில் சேர்த்த புண்ணியம், இரட்டையர் இருவருக்கும் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. மட்டோக்கே வாழைக்காய் மசியலைப் பிடுங்கித் தின்கிறார்கள். பபிர்யேவுக்குச் சிவப்பு மூடி, நகாட்டோவுக்கு நீல மூடி என்று நீ கொடுத்த சீசாக்களைப் பார்த்து வீட்டுக்காரர்தான் பதறிப்போனார். "ரெட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு வேறயா? ஒருத்தி கோவிச்சுக்கிட்டு நம்மள விட்டு ஒரேயடியாப் போயிடுவா, நாலோங்கோ!" என்றார். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கிச் சரிபாதியாகக் கொடுத்தேன். ஒரு வம்பும் இல்லை.

கொஞ்சம் நிலக்கடலை அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை
நாலோங்கோ


மசாகா
9 மார்ச்

தங்கை நபுகென்யாவுக்கு,

கலக்கினாயா? என் தலையில் கல்லைப் போட்டுவிட்டாய். ஒன்றில் மருந்து இருக்கும், மற்றதில் வெறும் சர்க்கரைப் பாகு. எதில் எது என்று எனக்கே தெரியாது. அப்படிக் கொடுத்துப் பார்த்தால்தான் மருந்து உண்மையில் கேட்கிறதா என்று தெரியும். உப்பு சர்க்கரைத் தண்ணீர் எல்லாருக்கும் உண்டு, அதனால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை.

ஆபத்து எனக்குத்தான். சொன்னால் என் வேலை போகும். மறைத்தால் கணக்கு பொய்யாகும், அதை நம்பி நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு மருந்து கொடுப்பார்கள். திங்கட்கிழமை ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் செபுன்யாவிடம் சொல்லிவிடப் போகிறேன்.

கடலை வேண்டாம், திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நசாசி


கலுங்கு
14 மார்ச்

அக்கா,

நீ திட்டியது போகட்டும். ஆனால் இரட்டைப் பிள்ளை பெற்றவளை வெறும் பேர் சொல்லி எழுதினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இவர்கள் பிறந்த நாளிலிருந்து அம்மாகூட என்னைப் பேர் சொல்லாமல், இரட்டையரின் தாய் என்று மரியாதையாக, நாலோங்கோ என்றுதான் கூப்பிடுகிறாள்.

கலக்காதே என்று நீ சொன்னாயா? நீயும் இந்த ஊரில் பிறந்தவள்தானே, உனக்கே தோன்றவில்லையே! வேலை போனால் இங்கே வா. எங்கள் சோற்றில் உனக்கும் பங்கு உண்டு.

நபுகென்யா (இப்போது உனக்குத் திருப்திதானே?)


மசாகா
22 மார்ச்

என் அருமை நாலோங்கோவுக்கு,

வேலை போகவில்லை!

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நோட்டை எடுத்து எத்தனை இரட்டையர் என்று எண்ணினார். பிறகு ஆராய்ச்சியில் இரட்டையர் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் என்னையே அனுப்பினார். போன வீட்டிலெல்லாம் இதே கதைதான். ஒருத்தி என்னையே மடக்கினாள்: "பின்னே, கலக்காம எப்படிம்மா குடுக்கறது? உன்னை வளர்த்தவங்க இதைக்கூடச் சொல்லித் தரலையா?"

நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நீ மட்டும் எழுதியிருக்காவிட்டால் பொய்க் கணக்கு அப்படியே அச்சேறியிருக்கும். இரட்டையர் கணக்கை இப்போது தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். இனிமேல் இரட்டையருக்கு ஒரே நிற மூடிதான். "உன் தங்கச்சிக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லு" என்றார் டாக்டர். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை நிம்மதி.

உன் பேர் சொல்லி எழுதியது தப்புதான், மன்னித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பிள்ளைகளுக்குக் கவுன் தைத்திருக்கிறேன். ஒரே துணி, ஒரே அளவு. வேண்டுமானால் அளந்து பார்த்துக்கொள்.

கடலையை வறுத்து வை.

உன் அக்கா
நசாசி