பாப்பா பசியோடு வர வேண்டும்

என்னங்க,

ஆஸ்பத்திரியில் வரிசை நம்பர் எடுக்க நான் முதலில் ஈப்போ போகிறேன், எதிர்வீட்டு அக்கா காரில். நீங்கள் பத்தரைக்குப் பாப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். ஏழு மணிக்குப் பால் கொடுத்துவிட்டேன். இனி ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது.

போன வாரம் நான் கவுண்டரில் நின்ற நேரத்தில், அவள் அழுகிறாள் என்று நீங்களும் கண் கலங்கி, "பாவம்லா, பசிக்குது பிள்ளைக்கு" என்று காரிலேயே புட்டியைக் கொடுத்துவிட்டீர்கள். நர்ஸ் மெஷினின் ரப்பர் காம்பை வாயில் வைத்ததும் பாப்பா தூங்கிவிட்டாள். உறிஞ்சும் பலத்தை அளக்கிற மெஷினில் கோடு ஏறவே இல்லை. ஒன்றும் தெரியாமல் திரும்பி வந்தோம்.

அன்றிலிருந்து உங்கள் அக்கா சுங்காயிலிருந்து தினமும் போன் போட்டு, "உனக்குப் பால் பத்தல, குமுதா" என்று ஒரே பாட்டு. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருக்கிறீர்கள். சிக்கல் என்னிடமா, அவள் உறிஞ்சுவதிலா என்று இன்றைக்காவது தெரியட்டும்.

கிளினிக் புத்தகம் டிவி மேசையில். நாசி லெமாக் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

குமுதா

புட்டியைத் தேட வேண்டாம். மூன்றும் என் பையில்.

அவள் அழுதால் தோளில் போட்டு நடங்கள். நீங்கள் அழுதால் எனக்குப் போன் போடுங்கள்.