லிஃப்ட்காரனின் பழந்துணி

மார்ச் 3

அன்புள்ள குறட்டைக்கு,

பங்குச் சாமியாரை இப்படி அழைப்பது தப்புதான். ஆனால் சாமியாருக்குப் படித்த குருமடத்தில் மூன்று வருடம் உன் பக்கத்துக் கட்டிலில் தூங்காமல் கிடந்தவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா?

விஷயத்துக்கு வருகிறேன். சின்னத் தங்கைக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. அப்பா போனதும் குருமடத்தை விட்டு வந்து, லிஃப்ட் பழுது பார்க்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம். இனி என்னை நம்பி யாரும் இல்லை. குருமடத்துக்குத் திரும்பலாமா என்று மறைமாவட்ட ஆயருக்கு எழுதினேன். என்னைத் தெரிந்த குரு ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம். நீதான் எழுத வேண்டும். இத்தனை வருடத்தைக் கிரீஸிலும் தூசியிலும் கழித்துவிட்டேன். மிச்சத்தையாவது கடவுளுக்குக் கொடுக்க வேண்டும்.

உன் நெட்டை

மார்ச் 11

அன்புள்ள நெட்டைக்கு,

எழுதாமல் இருப்பேனா? ஆனால் எப்படி வாழ்கிறாய் என்று நேரில் பார்த்து எழுதச் சொல்கிறார் ஆயர். செவ்வாய்க்கிழமை வருகிறேன். எனக்காக லீவு போடாதே, உன்கூடவே வேலைக்கு வருகிறேன். காதில் வைக்கப் பஞ்சு வாங்கி வை.

குறட்டை

மார்ச் 23

நெட்டை,

பரிந்துரைக் கடிதம் மேசையில் பாதியில் நிற்கிறது. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

அந்த ஆஸ்பத்திரியின் உச்சியில், மோட்டார் இருக்கும் சின்ன அறையில், என்னை மூலையில் நிற்க வைத்தாய். “எதையும் தொடாத, பேசாத” என்றாய். கீழே ஆட்கள் ஏறாமல் லிஃப்டை மூடச் சொன்னாய். பழைய பனியன் துணியை லிஃப்டைத் தூக்கும் கம்பிக்கயிற்றின்மேல் லேசாகச் சுற்றிப் பிடித்து, மெதுவாக ஓடவிட்டாய். கண்ணை மூடிக்கொண்டாய். ஆறு மாடிக் கயிறும் உன் விரல்களுக்குள் வழுக்கிப் போனது. எனக்கு மூச்சுவிடவே தயக்கமாக இருந்தது.

துணியின் நூல் ஒன்று கயிற்றில் மாட்டியது. உடனே நிறுத்தினாய். அந்த இடத்தில் மெல்லிய கம்பிகள் நாலைந்து அறுந்திருந்தன. நீ காட்டிய பிறகும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. புதுக் கயிறு வரும்வரை லிஃப்ட் ஓடாது என்றாய். ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“மத்த கம்பியெல்லாம் நல்லாத்தானே இருக்கு? இன்னைக்கு ஒரு நாள் ஓட்டக் கூடாதா? கீழ ஜனம் கத்துது.”

“இன்னைக்கு யாரு ஏறுவாங்கன்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சா அவங்க பேரச் சொல்லி, ஏறாதீங்கன்னு சொல்லிடுவேன்.”

நான் படியிறங்கி வந்தேன். நிறைமாதக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்தபடி அடுத்த லிஃப்டுக்கு நின்றுகொண்டிருந்தாள். “எந்தச் சோம்பேறி இத மூடி வச்சான்?” என்று உன்னைத்தான் திட்டினாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. என்றைக்கும் தெரியப்போவதில்லை. கோயிலுக்குள் நிற்பதுபோல அங்கேயே நின்றேன்.

நேற்றுப் பூசையில் அப்பத்தை உயர்த்தும்போது என் நினைப்பு கோயில் கூரை ஒழுகலில் இருந்தது. உன் கைகள் ஞாபகம் வந்து வெட்கப்பட்டேன். மிச்சத்தைக் கடவுளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று எழுதினாயே, இந்தப் பத்தொன்பது வருடத்தை யாருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

உன்னைத் தடுக்க நான் யார். ஒரு வரி எழுது, கடிதத்தை முடித்து அனுப்பிவிடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் துணியை எனக்குக் கொடு, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறேன்.

குறட்டை

ஏப்ரல் 16

அன்புள்ள குறட்டைக்கு,

மூன்று வாரம் உன்மேல் எரிச்சலாக இருந்தேன். நண்பன் நைசாகக் கழற்றிவிடுகிறான் என்று நினைத்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று அதே ஆஸ்பத்திரியில் புதுக் கயிறு மாட்டி முடித்துத் துணியைச் சுற்றிப் பிடித்தேன். ஒரு நூல்கூட மாட்டவில்லை. வழக்கமாக உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நேற்று கையை எடுக்க மனம் வரவில்லை. அந்த மோட்டார் அறைகளில் இத்தனை வருடமும் நான் தனியாக இருந்ததே இல்லை என்று பட்டது. பயமாகக்கூட இருந்தது. முழங்கால் தானாக மடங்கியது. கீழே இருந்து போன் வரும்வரை அப்படியே இருந்தேன்.

வரவில்லை என்று ஆயருக்கு நானே எழுதிவிட்டேன். உன் பாதிக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

துணி கேட்டிருந்தாய். தர முடியாது. நாளைக்கு ஸ்கூல் லிஃப்டுக்கு வேண்டும்.

நெட்டை