இரண்டின் முப்பத்தேழாம் அடுக்கில் ஒன்று குறைவு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1.7.2024

அன்புள்ள ஜோயலுக்கு,

நலம். உன் பெயரைப் பார்த்துவிட்டு அண்ணன் என் போனைப் பிடுங்கிக்கொண்டான். இனி நான் பாடம் நடத்தும் கிருஷ்ணன்கோவில் கல்லூரி முகவரிக்கு எழுது.

கூமாப்பட்டி போலீஸ்காரர் ஒருவருக்கு என்னைப் பேசுகிறார்கள். பொருத்தம் பார்க்க நேற்று எண் ஜோதிடர் வந்தார். நான் பிறந்தது இருபத்தாறாம் தேதி, கூட்டினால் எட்டு.

"எட்டு ஆகாது. பேரை மாத்திருவோம்" என்றார்.

"தேதிய ஒம்பதால வகுத்து மீதியச் சொல்லுதீக. இத ஆறாப்புப் பிள்ளையும் சொல்லுமே" என்றேன்.

"ஏட்டி, வாய மூடு! அவிய பெரிய மனுசரு" என்றாள் அம்மா.

சீனி போடாமல் காபி கொடுத்தேன். மனுசர் குடித்துவிட்டார்.

எம்.எஸ்சி. முடித்ததிலிருந்து நீ ஒன்று கேட்பாய் என்று இருக்கிறேன். கேட்கத்தான் காணோம்.

முனீஸ்வரி


ராஜபாளையம்,
5.7.2024

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

காபிக் கதையை டியூஷன் சென்டரில் படித்துச் சிரித்து, பிள்ளைகள் முன்னால் மானம் போயிற்று.

கேட்கப் பயம். நான் மில் தொழிலாளி மகன், அதிலும் கிறிஸ்தவன். உங்கள் வீட்டில் நிலமும் இருக்கிறது, வீம்பும் இருக்கிறது. அதனால் எம்.எஸ்சி. வகுப்பில் நாம் விளையாடிய பழைய ஆட்டத்துக்கே முடிவை விடுகிறேன்:

137438953471

இரண்டை முப்பத்தேழு முறை போட்டுப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. கம்ப்யூட்டர் தொடாமல் இதைக் காரணிகளாக உடைத்தால் விலகிக்கொள்கிறேன். உடையாவிட்டால் என்னைக் கட்டிக்கொள். முப்பத்தேழு பகா எண், இதுவும் அப்படித்தான். உனக்கு வேறு வழியில்லை!

ஜோயல்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.7.2024

ஏலே ஜோயல்,

கல்லூரி பஸ் கிருஷ்ணன்கோவில் சேருமுன் உடைத்துவிட்டேன். இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 74ஆல் வகுத்தால் மீதி ஒன்று வரவேண்டும். அப்படி முதலில் வருவது 149; அது மீதியில்லாமல் போகவில்லை. அடுத்தது 223, போய்விட்டது. 223 × 616318177.

அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண்ணா? பதினொன்றிலேயே உடைகிறதே: 2047 என்பது 23 × 89. எம்.எஸ்சி. சான்றிதழைத் திருப்பிக் கொடு.

உன் பேச்சுப்படி நீ இப்போது விலகவேண்டும். அந்த ஜோதிடருக்கு ஓர் இலக்கம், உனக்குப் பன்னிரண்டு. மற்றபடி இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? என்னைக் கேட்காமல் எண்ணைக் கேட்கிறீர்கள். எனக்கு வாய் இருக்கிறது. எண் இல்லாமல் ஒரு வரி எழுது. முடியாவிட்டால் எழுதவே எழுதாதே.

முனீஸ்வரி


ராஜபாளையம்,
12.7.2024

முனீஸ்வரி,

என்னைக் கட்டிக்கொள்கிறாயா? பயம் இன்னும் போகவில்லை. போனபிறகு கேட்கலாம் என்றால் கிழவனாகிவிடுவேன்.

ஜோயல்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
16.7.2024

அன்புள்ள ஜோயலுக்கு,

சரி.

வீட்டில் சொல்லிவிட்டேன். "அவன் எந்த ஆளுகட்டி?" என்று சாதியை விசாரித்தார் அப்பா. "கணக்கு வாத்தியார் ஆளுக" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் அடுப்படியில் மெதுவாக, "உன்னைய விட உசரமாட்டி?" என்றாள். அண்ணன் சோழபுரம் போயிருக்கிறான். திரும்புமுன் கல்லூரி விடுதிக்குப் போகிறேன், துணி கட்டியாயிற்று.

இங்குள்ள பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்தால் நம் பெயர்களை ஒரு மாதம் பலகையில் ஒட்டுவார்களாம். ஆட்சேபிக்கிறவர்களுக்கு வசதியாம்! கட்டிக்கொள்கிறவர்களுக்கு என்ன வசதி என்று கேட்டேன். எழுத்தர் மனுப் படிவத்தை நீட்டினார். ஒட்டட்டும். ஊரே வாசிக்கட்டும்.

வரும் செவ்வாய் காலை பத்து மணிக்குப் பிறப்புச் சான்றிதழோடு அங்கே வந்துவிடு. நல்ல நாளா என்று பார்க்காதே. அன்றைக்கு எனக்கு வகுப்பு இல்லை.

முனீஸ்வரி