கடைவீட்டுக்கு லாம் சொன்ன விலை

12 ஜனவரி 1975

சோலோன் சீனர் பேட்டை வியாபாரி லாம் வந்தான். என் கடைவீட்டுக்கு ஐம்பது லாங் எடைக்குத் தங்கத் தகடு தருகிறானாம். எண்பது என்றேன். தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கினான். போகட்டும். முப்பத்தெட்டு வருடம் துணி விற்றவன் நான். படியிறங்கியவனைக் கூப்பிடக் கூடாது. தெருமுனை வரை போய்த் திரும்பி வருவான்.

13 ஜனவரி

வரவில்லை.

2 பிப்ரவரி

மைத்துனன் ஹாஜா மைதீன் தன் வீட்டை நாற்பதுக்குத் தள்ளிவிட்டானாம். "மச்சான், லாம் கேட்டப்பவே குடுத்திருக்கணும். ஆளுங்கள்லாம் ஊர விட்டுக் கெளம்புறாங்க."

இவன் பேச்சை நான் கேட்கவேண்டுமா? அறுபத்தெட்டில், புத்தாண்டன்று கம்யூனிஸ்டுகள் ஊருக்குள் புகுந்த சண்டையின்போது, இதே இவன்தான் "வித்துடுங்க மச்சான்" என்றான். பயந்துபோய் என் கான் ஹொய் துறைமுகக் கிடங்கைக் கால் விலைக்கு விற்றேன். யாரிடம்? இவனிடமே! இரண்டு வருடத்தில் அதை நல்ல விலைக்கு விற்று, எனக்குப் பிரியாணி போட்டான். அந்தப் பிரியாணி இன்னும் செரிக்கவில்லை.

ஒருமுறை பயந்தேன். போதும்.

14 மார்ச்

மலைப்பக்கம் சண்டையாம். லாம் ஆள் அனுப்பினான்: முப்பது. ஜனவரியில் ஐம்பது சொன்ன வாய்! முப்பதுக்குக் கொடுத்தால் இருபது நட்டம். கொடுக்காவிட்டால் நட்டமே இல்லை. இது ஏன் ஒருவருக்கும் விளங்கமாட்டேன் என்கிறது?

30 மார்ச்

தா நாங் நகரம் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விட்டது. லாம் இப்போது சொல்வது பன்னிரண்டு. வந்த ஆளைத் திட்டி அனுப்பினேன்.

"என்னாங்க, வீடு என்ன துணியா?" என்றாள் என் மனைவி நூர் நிஷா. "இவனும் போயிட்டா வேற எவன் வருவான்?"

அறுபத்தெட்டிலும் இதே பீதிதான். அப்புறம் அடங்கவில்லையா? இதுவும் அடங்கும் — அடங்காதா?

10 ஏப்ரல்

என்னிடம் கேட்காமல் நூர் நிஷா தன் வளையல்களை விற்று இரண்டு விமான டிக்கெட் எடுத்திருக்கிறாள். இருபத்துநான்காம் தேதிக்கு. காரைக்காலில் இருக்கும் மகளிடம் போகவேண்டுமாம்.

"வளையலுக்கு எவ்வளவு கேட்ட?"

"குடுத்தத வாங்கிக்கிட்டேன்."

"பேரம்?"

"அதான் நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நீங்க பேசிக்கிட்டு இருக்கீங்களே."

என் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். நான் வராவிட்டால் தான் மட்டும் போவதாகச் சொல்கிறாள். நாற்பத்தொரு வருடத்தில் கேட்டிராத பேச்சு.

23 ஏப்ரல்

நானே லாம் வீட்டுக்குப் போனேன். விற்பவன் போய் வாங்குபவன் வாசலில் நிற்பது கேவலம். நின்றேன். பன்னிரண்டு போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் போனேன்.

அவன் என்னைப் பேசவே விடவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்தான். "பெரியவரே, நீங்க இங்கயே இருக்கப் போறீங்களாமே. என் வீட்ட நீங்க வாங்கிக்குங்க. மூணு லாங் குடுத்தாப் போதும்."

மாடியோடு வீடு, மூன்று லாங். வாய்ப்பழக்கம் — "ரெண்டு" என்றுவிட்டேன்.

"சரி" என்றான்.

உடனே! ஒரு சோலோன் வியாபாரி! எழுந்து படியிறங்கினேன். பின்னாலேயே ஓடிவந்தான். "ஒண்ணு! ஒண்ணு குடுங்க போதும்!" தெருமுனை வரைக்கும் வந்தான்.

வீடு வந்ததும் நூர் நிஷாவிடம் என் பெட்டி எங்கே என்று கேட்டேன். கட்டிலுக்கடியில் இருக்கிறதாம், மூன்று நாளாகக் கட்டித் தயாராக. அதையும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்யவில்லை.